அசலம் அசைந்த கதை: தென்னகத்து நிலநடுக்க ஆய்வின் இருநூறு ஆண்டுகள்

மலைக்கு அசலம் என்றொரு பெயர் உண்டு. சலித்தல் என்றால் அசைதல், அசையாதது அசலம். நமக்கு வடக்கே உள்ள திருவண்ணாமலையை அருணாசலம் என்று அழைக்கும்போது அந்தப் பொருளைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம். கல்வராயன் மலைமேல் இருக்கும் வெள்ளிமலைக்கு வாய்த்த பெயரோ இன்னும் பெரியது. வெள்ளிமலை என்பது தமிழில் கயிலைக்குரிய பெயர். அந்தக் கயிலையை அசைக்கத் துணிந்தவன் இராவணன். அவன் மலையின் கீழ் நெரிபட்ட செய்தியைத் திருஞானசம்பந்தர் தம் பதிகங்களின் எட்டாம் பாடலில் வைத்துப் பாடுவதை வழக்கமாகக் கொண்டார். மலையை அசைப்பது அடாத செயல், அசைத்தவன் அழிவான் என்பது அக்கதை தரும் பாடம். திருவள்ளுவரும் பொறையுடைமைக்கு உவமை தேடியபோது, தன்னைத் தோண்டுவோரையும் தாங்கி நிற்கும் நிலத்தையே கண்டார்.

இவ்வாறு மலையை நிலைபேற்றுக்கும் நிலத்தைப் பொறுமைக்கும் இலக்கணமாகக் கொண்ட மரபில் வந்தவர்கள் நாம். அதே மரபு, கடல் ஊர்களைக் கொண்டுபோன செய்தியையும் தன் காப்பியங்களில் எழுதி வைத்திருக்கிறது. இவ்விரண்டில் எது உண்மை? நிலம் பொறுமை உடையதா, பொறுமை இழப்பதா? இக்கேள்விக்கு அறிவியல் விடை தேடிய கதையில் தமிழ் நிலத்துக்கும் ஒரு பங்கு உண்டு. பரங்கிமலை, பல்லாவரம், தஞ்சைப் பெரிய கோயில், கோடைக்கானல், காவிரிப்பூம்பட்டினம், நம் கல்வராயன் மலை ஆகிய யாவும் அக்கதையில் வருகின்றன. தமிழ் பயிற்றுவிக்கும் நாம் இதை எழுதப் புகுவது எல்லை மீறல் என்று அன்பர்கள் கருத வேண்டா. நிலநடுக்க ஆய்வு இன்று பழைய ஏடுகளையும் கல்வெட்டுகளையும் தேடி நம் பக்கமாகவே வந்துகொண்டிருக்கிறது. அதை இக்கட்டுரையின் முடிவில் காண்போம்.

தூக்குக்குண்டு சொன்ன செய்தி

1802ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள், சென்னைப் பரங்கிமலையின் அருகே வில்லியம் லாம்டன் என்ற படை அதிகாரி ஒரு நேர்கோட்டைச் சங்கிலி கொண்டு அளக்கத் தொடங்கினார். ஏழரை மைல் நீளமுள்ள அந்த அடிக்கோட்டிலிருந்துதான் இந்தியத் துணைக்கண்டம் முழுவதையும் முக்கோணங்களாக அளந்த பெருநில அளவை வளர்ந்தது. மலையுச்சிகளே முக்கோணத்தின் முனைகள். மலை இல்லாத காவிரிச் சமவெளியில் கோபுரங்களும் விமானங்களும் மலைகளுக்கு மாற்றாயின. 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின் மேல் லாம்டனின் தியோடலைட் கருவியைக் கயிறு கட்டி ஏற்றியபோது அது சுவரில் மோதிப் பழுதுபட்டது. அரை டன் எடையுள்ள அக்கருவியை அவரே பல வாரம் அமர்ந்து செப்பனிட்டார். நில அளவைக்காரர்கள் இன்றும் சொல்லி மகிழும் கதை இது.

இந்த அளவையின் நோக்கம் நாட்டின் வரைபடமும் பூமியின் வடிவமுமே. ஆயினும் அது எதிர்பாராத ஓர் உண்மையைக் கொண்டுவந்து சேர்த்தது. வட இந்தியாவில் கலியான்பூர், கலியானா என்னும் இரண்டு நிலையங்களுக்கிடையே உள்ள தூரத்தைச் சங்கிலியும் முக்கோணமும் கொண்டு கணித்தபோது ஒரு விடை வந்தது. விண்மீன்களைப் பார்த்துக் கணித்தபோது வேறு விடை வந்தது. வேறுபாடு 5.236 விநாடிக் கோணம். இமயமலையின் ஈர்ப்பு தூக்குக்குண்டைத் தன் பக்கம் இழுப்பதே காரணம் என்று கல்கத்தாவில் இருந்த பாதிரியார் பிராட் கருதினார். அவர் கணக்கிட்டுப் பார்த்தபோது வியப்பே மிஞ்சியது. இமயத்தின் எடைக்கு வேறுபாடு 15.885 விநாடி இருந்திருக்க வேண்டும். மலை, தன் உருவத்துக்கு ஏற்ற அளவு இழுக்கவில்லை.

1855இல் இங்கிலாந்து அரசு வானியலாளர் ஏரி இதற்கு ஒரு விளக்கம் தந்தார். நீரில் மிதக்கும் மரக்கட்டையின் பெரும்பகுதி நீருக்குள் இருப்பது போல, மலைக்கும் எடை குறைந்த வேர் ஒன்று ஆழத்தில் உண்டு. மலை அதன்மேல் மிதக்கிறது என்றார் அவர். பிராட் வேறு வகையில் விளக்கினார். இருவர் கருத்திலும் பொதுவாக நின்றது ஒன்று: மலை என்பது தரைமேல் வைத்த பாரம் அன்று, அடியிலுள்ள நிலத்தோடு சமன் செய்துகொண்டு நிற்பது. அசலம் மிதக்கிறது என்ற கருத்து இவ்வாறு இந்திய அளவையின் கணக்கேட்டிலிருந்து பிறந்தது. புவி இயற்பியல் என்னும் துறையின் அடித்தளக் கருத்துகளில் இது ஒன்று.

சுத்தியலோடு வந்தவர்கள்

1851இல் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை தோன்றியது. அத்துறையைச் சேர்ந்த வில்லியம் கிங்கும் இராபர்ட் புரூஸ் ஃபூட்டும் சேலம், திருச்சிராப்பள்ளி, தஞ்சை, தென்னார்க்காடு மாவட்டப் பகுதிகளின் பாறை அமைப்பை ஆராய்ந்து எழுதிய அறிக்கை 1864இல் வெளிவந்தது. நம் கல்வராயன் மலையும் பச்சைமலையும் கொல்லிமலையும் சேர்வராயனும் நவீனப் புவியியலின் ஏட்டில் இடம்பெற்ற தொடக்க நூல்களில் அது ஒன்று. இதே புரூஸ் ஃபூட்தான் 1863இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்தவர். தமிழ் நிலத்தின் மாந்தர் வரலாற்றையும் பாறை வரலாற்றையும் ஒரே மனிதரின் கைச்சுத்தியல் திறந்து வைத்தது.

அதே பல்லாவரம் இன்னொரு பெயரையும் உலகுக்குத் தந்தது. கல்கத்தாவை நிறுவியவர் என்று சொல்லப்படும் சாப் சார்னாக்கின் கல்லறையில் பதித்த கல், சென்னைப் பக்கத்திலிருந்து சென்றது என்பதைத் தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் கண்டறிந்தார். 1893இல் அவர் அப்பாறை வகைக்குச் சார்னோக்கைட் என்று பெயரிட்டார். இன்று உலகின் எந்தக் கண்டத்தில் இவ்வகைப் பாறை கிடைத்தாலும் அதற்கு இதுவே பெயர். கருமையும் பசுமையும் கலந்த இக்கல்லே கல்வராயன் மலையின் பெரும் உடல். மேகம் அருவியில் நீர் விழும் இடத்திலும், வெள்ளிமலைச் சாலை வெட்டிய சரிவிலும் அதன் முகத்தைக் காணலாம்.

இப்பாறைகள் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமிக்குள் இருபது முப்பது கிலோமீட்டர் ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவானவை என்பது இன்றைய முடிவு. ஆக, வெள்ளிமலையில் நிற்பவர் ஒரு காலத்தில் மேலோட்டின் அடித்தளமாக இருந்த பாறையின்மேல் நிற்கிறார். மேலே இருந்த அத்தனை கிலோமீட்டர்ப் பாறையும் கோடிக்கணக்கான ஆண்டுகளில் தேய்ந்து ஆற்றோடு போயிற்று. அடியில் இருந்தது மேலே வந்தது. இதைவிடப் பெரிய அசைவு எது?

தந்தையும் மகனும்

நிலநடுக்கத்தை மட்டுமே பொருளாகக் கொண்ட ஆய்வு இந்தியாவில் ஒரு குடும்பத்தோடு தொடங்குகிறது. புவியியல் ஆய்வுத்துறையின் முதல் தலைவர் தாமஸ் ஓல்டாம், இந்தியாவில் நிகழ்ந்த நிலநடுக்கங்களைப் பழைய குறிப்புகளிலிருந்து திரட்டி ஒரு பட்டியல் செய்தார். அவர் மறைந்தபின் 1883இல் அதைப் பதிப்பித்தவர் மகன் ரிச்சர்ட் டிக்சன் ஓல்டாம். தந்தை விட்ட ஏட்டை மகன் பதிப்பிப்பது நம் பதிப்பு வரலாற்றிலும் காணும் காட்சிதான்.

1897ஆம் ஆண்டு சூன் 12ஆம் நாள் அசாமில் பெரும் நிலநடுக்கம் நிகழ்ந்தது. மகன் ஓல்டாம் அதை ஆராய்ந்து 1899இல் எழுதிய அறிக்கை இத்துறையின் செவ்வியல் நூலாக மதிக்கப்படுகிறது. தொலைவிலுள்ள கருவிகளில் பதிந்த கோடுகளை ஒப்பிட்டு, நிலநடுக்க அலைகள் மூன்று வகையாக வந்து சேர்வதை 1900இல் அவர் தெளிவுபடுத்தினார். முந்தி வருவது முதன்மை அலை, அடுத்தது இரண்டாம் அலை, கடைசியில் நிலத்தின் மேற்பரப்பைத் தழுவி வரும் அலை. 1906இல் இதே முறையால் பூமியின் நடுவே வேறு தன்மையுடைய ஒரு கருவம் இருப்பதை அவர் நிறுவினார். யாரும் இறங்கிக் காண முடியாத ஆழத்தை, அங்கு ஊடுருவிச் சென்று திரும்பிய நடுக்கமே காட்டிக்கொடுத்தது. அதுவரை அழிவின் செய்தியாக மட்டும் இருந்த நிலநடுக்கம், பூமியின் உள்ளே பார்க்கும் விளக்காயிற்று.

அசாம் நடுக்கத்தின் பின் இந்தியாவில் கருவிகள் நிறுவப்பட்டன. 1898இல் கல்கத்தா அலிப்பூரில் நில அதிர்வு நிலையம் அமைந்தது. அடுத்த ஆண்டிலேயே பம்பாய்க் கொலாபாவிலும் நம் கோடைக்கானலிலும் மில்ன் வகை அதிர்வுமானிகள் இயங்கத் தொடங்கின. சூரியனை நோக்க எழுந்த கோடைக்கானல் ஆய்வகம், ஒரு கண்ணால் வானையும் மறு கண்ணால் மண்ணின் அடியையும் பார்த்தது எனலாம். 1900 பிப்ரவரி 8ஆம் நாள் கோயம்புத்தூர்ப் பகுதியில் ஏறத்தாழ 6 அளவுள்ள நடுக்கம் உண்டாகித் தென்னிந்தியாவின் பெரும்பகுதியில் உணரப்பட்டது. தமிழகத்து உள்நிலத்தில் கருவிக் காலத்தில் நிகழ்ந்தவற்றுள் பெரியது இதுவே. ஆனால் அடுத்த தலைமுறைகள் அதை மறந்துவிட்டன.

குமரிக்கண்டமும் நகரும் தட்டுகளும்

இவ்விடத்தில் தமிழ் அன்பர்களுக்கு நெருக்கமான ஒரு பொருளைத் தொடாமல் போக இயலாது. பஃறுளியாற்றையும் குமரிக்கோட்டையும் கடல் கொண்டதைச் சிலப்பதிகாரம் குறிக்கிறது. இறையனார் களவியலுரை சங்கங்களைக் கடல்கொண்ட செய்தியைச் சொல்கிறது. அடியார்க்கு நல்லார் 49 நாடுகளையும் 700 காவதத்தையும் கணக்காகத் தருகிறார். கிங்கும் ஃபூட்டும் தம் அறிக்கையை வெளியிட்ட அதே 1864ஆம் ஆண்டில், இலண்டனில் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலாளர், மடகாசுகரிலும் இந்தியாவிலும் காணும் ஒத்த விலங்குகளை விளக்க, இந்தியப் பெருங்கடலில் மூழ்கிய ஒரு கண்டத்தைக் கற்பித்தார். லெமூர் விலங்கின் பெயரால் அது லெமூரியா ஆயிற்று. பின்னாளில் நம் அறிஞர்கள் இவ்விரண்டையும் இணைத்துக் குமரிக்கண்டம் என்றனர்.

அறிவியல் அந்தக் கண்டத்தைக் கைவிட்டது. அதற்குச் சான்று தந்ததும் இந்தியப் பெருங்கடலே. கண்டங்கள் மூழ்கவில்லை, நகர்கின்றன என்று 1912இல் வெகனர் சொன்னபோது பெரும்பாலோர் ஏற்கவில்லை. 1962இல் ஓவன் என்ற கப்பல் இந்தியப் பெருங்கடலின் வடமேற்கே உள்ள கார்ல்ஸ்பெர்க் கடலடி முகட்டில் காந்த அளவீடுகள் எடுத்தது. முகட்டின் இருபுறமும் கடல்தரைப் பாறை, காந்தத் திசை மாறி மாறி, வரிவரியாக அமைந்திருப்பதை 1963இல் வைனும் மேத்யூசும் விளக்கினர். முகட்டில் புதிய கடல்தரை பிறந்து இருபுறமும் விலகிச் செல்கிறது என்பது அதன் பொருள். புவித்தட்டுக் கொள்கை இதன்மேல் எழுந்தது. மடகாசுகரும் இந்தியாவும் முன்னொரு நாள் ஒட்டியிருந்து பிரிந்தவை. இடையே கண்டம் எதுவும் மூழ்க வேண்டிய தேவை இல்லை.

இதனால் நம் நூல்கள் பொய்யாகிவிடுமோ என்று வருந்துவோர் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தில், கடல்மட்டம் இன்றைக்குச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பாக் நீரிணை அன்று நிலமாக இருந்தது. குமரிமுனைக்குத் தெற்கேயும் ஆழமற்ற கடற்பரப்பு வெளியே தெரிந்தது. பனி உருகக் கடல் ஏறிக் கரையை விழுங்கிற்று. அந்த நெடிய நினைவு நம் இலக்கியத்தில் தங்கியதா என்பதை நிறுவ முடியாது. ஆயினும் கரை இழந்த மக்கள் கடல்கோளைப் பாடுவது இயல்பு. பாட்டைக் கண்டத்தின் வரைபடமாக்குவதுதான் பிழை.

பாறைக் கேடயத்தின் உறுதி

புவித்தட்டுக் கொள்கை நிலநடுக்கத்துக்குத் தெளிவான விளக்கம் தந்தது. தட்டுகள் உரசும் எல்லைகளில் நடுக்கம் மிகும். இந்தியத் தட்டு வடக்கே இமயத்தில் மோதுகிறது. கிழக்கே அந்தமான் பக்கம் அமிழ்கிறது. நடுவிலுள்ள தீபகற்பமோ பழம்பாறைக் கேடயம். இங்கு அச்சமில்லை என்பது பாடநூல் வாக்காயிற்று. நாமும் பள்ளியில் அப்படித்தான் படித்தோம்.

அந்த நம்பிக்கையை முதலில் குலைத்தது கொய்னா. 1967 திசம்பர் 11 விடியற்காலையில் மராட்டியத்துக் கொய்னா அணை அருகே 6.3 அளவில் நிலம் நடுங்கியது. ஏறத்தாழ 180 பேர் மாண்டனர். 103 மீட்டர் உயரமுள்ள அணையில் நீர் தேங்கத் தொடங்கிய பின்னரே அங்கு நடுக்கங்கள் மிகுந்தன. தேக்கிய நீர் பாறைப் பிளவுகளில் ஊறி, ஏற்கெனவே முறுக்கேறி நின்ற பிளவை வழுக்கிவிடுகிறது என்பது விளக்கம். ஹர்ஷ் குப்தாவும் ரஸ்தோகியும் அணைகளையும் நிலநடுக்கங்களையும் பற்றி 1976இல் எழுதிய நூலால் கொய்னா உலகெங்கும் எடுத்துக்காட்டாயிற்று. நம் அடிவாரத்துக் கோமுகி அணையை எண்ணி அன்பர்கள் அஞ்ச வேண்டா. 46 அடி நீர் தேக்கும் கோமுகி எங்கே, கொய்னா எங்கே!

அக்காலத்தில் ஆய்வுக்கு வேறொரு உந்துதலும் கிடைத்தது. வல்லரசுகள் நிலத்தடியில் அணுகுண்டு வெடித்துச் சோதித்தன. வெடிப்பையும் நடுக்கத்தையும் பிரித்தறிய நுட்பமான கருவிகள் வேண்டியிருந்தன. அமெரிக்க உதவியுடன் அமைந்த உலகத் தரக் கருவி வலையில் கோடைக்கானலும் ஒரு நிலையமாயிற்று. 1965இல் கருநாடகத்துக் கௌரிபிதனூரில் பாபா அணு ஆய்வு மையத்தின் அதிர்வுமானி அணிவரிசை எழுந்தது. ஐதராபாத்தில் 1961இல் தோன்றிய தேசிய புவி இயற்பியல் ஆய்வு நிறுவனம் இத்துறையின் தாயகமாக வளர்ந்தது. போர் அச்சம் அறிவியலுக்குச் செவிலியாக அமைந்த விந்தை இது.

இவற்றோடு கோலார் தங்கவயலையும் சேர்த்து எண்ண வேண்டும். 2001இல் மூடப்பட்ட அச்சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் சென்றது. தோண்டிய வெற்றிடத்தைத் தாங்காமல் பாறை திடீரென வெடித்துச் சிதறும்போது மேலே உள்ள ஊரே அதிரும். அந்த அதிர்வுகளைக் கருவி வைத்து ஆராய்ந்தார்கள். 1988இல் தேசிய பாறை இயந்திரவியல் நிறுவனமும் அங்கேயே பிறந்தது. சுரங்கத்துள் இறங்கியவர்களுள் பெருந்தொகையினர் வடார்க்காடு, சேலம் பகுதிகளிலிருந்து சென்ற தமிழர்கள். கருவிக்கு முன்னே அவர்கள் உடல் அந்த அதிர்வை அறிந்தது. அகழ்வாரை நிலம் எப்போதும் தாங்குவதில்லை என்பது அவர்கள் கண்ட உண்மை.

1993 செப்டம்பர் 30 அதிகாலை. விநாயகர் விழா முடிந்து மக்கள் உறங்கிக்கொண்டிருந்த நேரத்தில் மராட்டியத்து இலாத்தூர் மாவட்டத்தின் கில்லாரிப் பகுதி 6.2 அளவில் நடுங்கியது. அன்றைய வரைபடத்தில் அது நாட்டிலேயே அபாயம் மிகக் குறைந்த முதல் மண்டலம். இறந்தோர் எட்டாயிரத்துக்கும் பத்தாயிரத்துக்கும் இடைப்பட்டோர் என்று கணக்குகள் கூறுகின்றன. அவர்களுள் பலரைக் கொன்றவை அவர்கள் வீடுகளே. மண்ணைச் சாந்தாக வைத்து உருண்டைக் கற்களை அடுக்கிய பருத்த சுவர்களும், மரச்சட்டத்தின்மேல் கனமாகக் கொட்டிய மண்கூரையும் உறங்கியவர்மேல் சரிந்தன.

2001 சனவரி 26இல் கச்சுப் பகுதியின் பூச் நடுங்கியது. அதே ஆண்டு செப்டம்பர் 25ஆம் நாள் இரவு புதுச்சேரிக்கு அப்பால் கடலடியில் 5.5 அளவில் நடுக்கம் தோன்ற, சென்னை முதலிய ஊர்களில் மக்கள் தெருவுக்கு ஓடிவந்தனர். 2002இல் இந்தியத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு தன் மண்டல வரைபடத்தைத் திருத்தியபோது முதல் மண்டலம் என்பதே நீக்கப்பட்டது. சென்னை இரண்டிலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு உயர்ந்தது. அச்சமே இல்லாத நிலம் இந்தியாவில் இல்லை என்பதை அரசு ஏடும் ஒப்புக்கொண்டது.

மணல் படிவில் ஒரு காப்பியம்

2004 திசம்பர் 26 காலை சுமத்திரா அருகே தொடங்கி அந்தமான் வரை 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலடி பிளந்தது, அளவு 9.1. எழுந்த அலை தமிழகக் கரையில் ஏறத்தாழ எட்டாயிரம் உயிர்களைக் கொண்டது. அவற்றுள் ஆறாயிரம் நாகை மாவட்டத்தவை. அன்று வரை நம் மக்கள் பேச்சில் இல்லாத சுனாமி என்ற சொல் ஒரே நாளில் ஒவ்வொரு குடிசைக்கும் வந்தது. ஆழிப்பேரலை என்று நாம் தமிழாக்கினோம். கடல்கோள் என்ற பழஞ்சொல் நம்மிடம் இருந்தும், அதை நிகழக்கூடிய ஒன்றாக எவரும் எண்ணவில்லை. 2007இல் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் அமைந்தது.

அதன்பின் ஆய்வின் போக்கு மாறியது. கருவிகள் நூறாண்டுக் கதையைத்தான் சொல்லும். பெருநடுக்கங்களோ பல நூற்றாண்டுக்கு ஒருமுறை வருபவை. எனவே மண்ணைத் தோண்டிப் பழைய நடுக்கங்களின் தடத்தைத் தேடும் தொல்நடுக்க ஆய்வு வலுப்பெற்றது. சி. பி. இராசேந்திரனும் குசலா இராசேந்திரனும் இத்துறையில் நெடுங்காலம் உழைத்தவர்கள். காவிரிப்பூம்பட்டினத்தில் நிகழ்த்திய ஆய்வில், ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், சோழர் காலத்தில் பேரலை கொண்டுவந்து இட்ட மணல் படிவை இராசேந்திரன் குழுவினர் அடையாளம் கண்டு 2011இல் எழுதினர். சாளுவன்குப்பத்தில் 2005க்குப் பின் வெளிப்பட்ட பழைய முருகன் கோயிலும் கடலலையால் இடிந்திருக்கலாம் என்று அகழாய்வாளர்கள் கருதினர்.

புகாரைக் கடல் கொண்டதை மணிமேகலை பாடியிருக்கிறதே, அது மெய்ப்பிக்கப்பட்டதா என்று கேட்கத் தோன்றும். அவசரம் வேண்டா. அந்த மணல் படிவு சோழப் பேரரசுக் காலத்தது. மணிமேகலை அதற்குச் சில நூற்றாண்டு முற்பட்டது. ஒன்றை மற்றொன்றுக்குச் சான்றாக்க முடியாது. ஆயினும் புகார்க் கரையைப் பேரலை தாக்க வல்லது என்பது மெய்யாயிற்று. இந்திரவிழாவை மறந்ததால் வந்த சாபம் என்று காப்பியம் சொன்ன காரணத்தை விட்டுவிடலாம். நிகழ்ச்சியை விட்டுவிட வேண்டியதில்லை.

சப்பானில் கி.பி. 869இல் சோகன் நடுக்கத்தின்போது கடல் ஊருக்குள் வந்து பலர் மாண்டதை அந்நாட்டு அரச வரலாற்று நூல் எழுதி வைத்திருந்தது. செண்டாய்ச் சமவெளியில் அதன் மணல் படிவுகளை அறிவியலார் கண்டெடுத்து 2001 அளவிலேயே எச்சரித்தனர். உரிய காலத்தில் எவரும் செவிமடுக்கவில்லை. 2011 மார்ச்சு 11இல் அதே கரையைக் கடல் மீண்டும் விழுங்கியது. ஏடும் சொன்னது, மண்ணும் சொன்னது, கேட்காதவர் மனிதரே.

இன்றைய போக்குகள்

இன்றைய ஆய்வு பல கைகளால் இயங்குகிறது. வெடி வைத்துச் செயற்கை அதிர்வை உண்டாக்கி, ஆழத்தில் பட்டுத் திரும்பும் அலையைக் கொண்டு மேலோட்டைப் படம் பிடிப்பது ஒரு முறை. சோவியத் ஒத்துழைப்போடு 1972இல் காவலி முதல் உடுப்பி வரை இப்பணி தொடங்கியது. பின்னர் நம் மலைக்கு மேற்கே குப்பம் முதல் பழனி வரை ஒரு நெடுங்கோட்டில் இத்தகைய ஆய்வுகள் நடந்து, 2003இல் தொகுப்பாக வெளிவந்தன. இப்பகுதியில் மேலோட்டின் தடிமன் சுமார் 40 முதல் 45 கிலோமீட்டர் என்பது அவை தந்த செய்தி. தூக்குக்குண்டைக் கொண்டு பிராட்டும் ஏரியும் ஊகித்த மலையின் வேரை இவர்கள் கிலோமீட்டரில் அளந்தனர்.

நேரே துளையிட்டுச் சென்று பார்ப்பது இன்னொரு முறை. கொய்னாப் பகுதியில் 3 கிலோமீட்டர் ஆழத்துக்கு இட்ட முன்னோட்டத் துளை 2017இல் நிறைவுற்றது. செயற்கைக்கோள் உதவியால் இந்தியத் தட்டு ஆண்டுக்கு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் நகர்வதை அளப்பது மற்றொன்று. கணினிக்குக் கற்பித்து, மனிதக் கண்ணுக்குத் தப்பும் சிறு நடுக்கங்களைப் பதிவுகளிலிருந்து பொறுக்கி எடுப்பது அண்மைக்காலப் போக்கு. கண்ணாடி இழைத் தொலைபேசிக் கம்பிகளையே அதிர்வுமானியாக்கும் முயற்சியும் நடக்கிறது.

எத்தனை வளர்ந்தும், இந்நாளில் இவ்விடத்தில் நடுங்கும் என்று முன்னுரைக்க எவராலும் இயலவில்லை. 1975இல் சீனத்து ஐசெங்கில் முன்னறிவித்து மக்களை வெளியேற்றினர், உலகம் வியந்தது. மறு ஆண்டே தாங்சானில் அறிவிப்பின்றி நிலம் நடுங்கி, அரசுக் கணக்கிலேயே இரண்டு இலட்சத்து நாற்பதாயிரத்துக்கு மேல் மாண்டனர். நம் நாட்டில் வராகமிகிரரின் பிருகத் சம்கிதை நிலநடுக்கத்துக்கு ஓர் அத்தியாயமே ஒதுக்கி அறிகுறிகளைச் சொல்கிறது. இன்றும் பஞ்சாங்கங்கள் ஆண்டுதோறும் எங்கேனும் நிலம் நடுங்கும் என்று எழுதுகின்றன. உலகில் எங்கேனும் நடுங்காத ஆண்டு இல்லை ஆதலால் அக்கூற்று பொய்ப்பதுமில்லை, பயன்படுவதுமில்லை. நாளைச் சொல்வதை விட்டு, எந்த நிலம் எவ்வளவு நடுங்கக்கூடும், அதற்கு எவ்வாறு கட்ட வேண்டும் என்று சொல்வதே இன்றைய அறிவியலின் வழி.

வெள்ளிமலைக்கு வரும் கேள்வி

கல்வராயன் மலைக்குத் தெற்கே ஆத்தூர்ப் பள்ளத்தாக்கு கிடக்கிறது. வசிட்ட நதி அதன் வழியே ஓடுகிறது. அப்பள்ளத்தாக்கு, மேலோடு முன்னொரு நாள் வெட்டுண்டு நகர்ந்த தழும்பு என்பர் புவியியலார். பல கோடி ஆண்டுப் பழைய தழும்பு அது. இன்று ஆறாத புண் அன்று. தீபகற்பத்து நடுக்கங்கள் பலவும் இத்தகைய பழைய நலிவுக் கோடுகளை ஒட்டித் தோன்றுகின்றன என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. எனவே அச்சத்துக்கு இடமில்லை, அசட்டைக்கும் இடமில்லை.

மலைவாழ் மக்களின் பழைய வீடு மூங்கில் தட்டியில் மண் பூசி, புல் வேய்ந்தது. அது சரிந்தாலும் உள்ளிருப்பவரை நசுக்காது. இன்று அவ்வீடுகள் நீங்கி, செங்கல்லும் கான்கிரீட்டும் மலையேறுகின்றன. மழைக்கும் தீக்கும் அஞ்சி வாழ்ந்தவர்களுக்கு நல்ல வீடு வேண்டும். அதை மறுப்பது அறமன்று. ஆனால் கம்பி குறைந்த தூணும், மூலைகளை இணைத்துக் கட்டாத சுவரும், சரிவை வெட்டி நிறுத்திய கடைக்காலும் கில்லாரியின் பாடத்தை மறந்தவை. சன்னல் மட்டத்திலும் கூரை மட்டத்திலும் சுவரைச் சுற்றி ஒரு கான்கிரீட் பட்டை ஓடினால் சிறு வீடும் ஒரே பெட்டிபோல் இணைந்து நிற்கும். இதற்கு ஆகும் கூடுதல் செலவு பெரிதன்று. ஒதுக்கீட்டு வீடு கட்டித் தருவோரும் கட்டிக்கொள்வோரும் இதைக் கேட்டுப் பெற வேண்டும்.

இலக்கிய அன்பர்களுக்கும் ஒரு பணி உண்டு. தாமஸ் ஓல்டாம் பட்டியல் செய்ததுபோல் நம் மொழிக்குள் எவரும் முழுமையாகச் செய்யவில்லை. கோயில் புதுப்பித்த செய்தி கூறும் கல்வெட்டுகள், செப்பேடுகள், தல புராணங்கள், பாதிரியார்களின் நாட்குறிப்புகள், பழைய இதழ்கள், மலைவாழ் மூத்தோர் சொல்லும் கதைகள் ஆகியவற்றில் நிலம் அதிர்ந்த குறிப்பு எங்கே வந்தாலும், ஊர், ஆண்டு, மூலம் ஆகியவற்றோடு குறித்து வைப்போம். கண்டதைக் கண்டவாறு எழுதுவோம், விரும்பியதைச் சேர்க்காதிருப்போம். பாடலைப் பாடலாகவும் சான்றைச் சான்றாகவும் பிரித்தறியும் பயிற்சி நம் துறையில்தான் இருக்கிறது. புவி இயற்பியலார் நம்மிடம் வேண்டுவதும் அதையே. அவரவர் ஊர்க் கோயிலின் கல்வெட்டிலிருந்தே தொடங்கலாம்.